மலையும் கடலும் ஒரே வாரத்தில்: கொடைக்கானல் – மதுரை – ராமேஸ்வரம் முழுமையான பயண வழிகாட்டி

பள்ளி விடுமுறை வந்தால் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகும். ஒரு கட்சிக்குக் குளிர் வேண்டும், இன்னொன்றுக்குக் கடல் வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்க முடியும், அதுவும் வந்த வழியே திரும்பாமல். சென்னையிலிருந்து பாண்டியன் விரைவு ரயிலில் கொடை ரோடு, அங்கிருந்து மலையேறிக் கொடைக்கானல், இறங்கி மதுரை, பிறகு ராமேஸ்வரம், கடைசியில் ராமேஸ்வரத்திலேயே ரயிலேறிச் சென்னை. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு முழு வட்டம்.

இந்தப் பாதையில் போகிறவர்கள் பலரும் சோர்ந்து திரும்புவதற்குக் காரணம் ஒன்றுதான். பட்டியலில் இருக்கும் இடங்களை எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறார்கள். கொடைக்கானலில் பத்துப் பன்னிரண்டு இடங்களை ஒரே நாளில் வேனில் சுற்றிவிட்டு, அன்றிரவே இறங்கி, மறுநாள் காலை ராமேஸ்வரத்தின் அக்னி தீர்த்தக் கடலில் முங்குகிற திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கும் குடும்பத்துக்கு அது தண்டனை. மலையில் இரண்டு இரவு, நடுவில் மதுரையில் ஓர் இரவு, கடலோரம் இரண்டு இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடங்கள் குறைந்தால் பரவாயில்லை, உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைக்கும்.

எந்த நாளில் கிளம்புவது

மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் செலவையும் நிம்மதியையும் தீர்மானிக்கிறது. வழக்கமாக வெள்ளி இரவு கிளம்புவோம். இந்தப் பயணத்துக்கு ஞாயிறு இரவு கிளம்புங்கள். அப்போது திங்களும் செவ்வாயும் கொடைக்கானலில் தங்கலாம். வார இறுதிக் கூட்டம் இறங்கியிருக்கும், அறை வாடகையும் குறைந்திருக்கும். புதன் இரவு மதுரை. வியாழனும் வெள்ளியும் ராமேஸ்வரம். சனிக்கிழமை மாலை ரயிலேறினால் ஞாயிறு காலை வீட்டில் இருக்கலாம். துணி துவைக்க ஒரு நாள் மிச்சம், விடுப்பும் ஐந்து நாள்தான்.

மாதத்தைப் பொறுத்தவரை, பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் தொடக்கம் வரை இரண்டு ஊருக்குமே அருமையான காலம். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அது கைகூடாது. அவர்களுக்குக் காலாண்டு விடுமுறையைத்தான் நான் முதலில் சொல்வேன். மலை பச்சையாக இருக்கும், வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கியிருக்காது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை கொடைக்கானலில் நல்ல மழை, ராமேஸ்வரத்தில் புயல் பயம். மண் சரிந்து மலைப்பாதை அடைபடுவதும், கடற்கரைக்குப் போகத் தடை போடுவதும் அந்த மாதங்களில்தான். மே மாதத்தில் கொடைக்கானல் இதமாக இருக்கும். பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சியும் கோடை விழாவும் நடக்கும். கூட்டமும் அதே அளவுக்கு இருக்கும். ராமேஸ்வரத்தில் அப்போது வெயில் தாங்காது.

நாட்காட்டியில் இன்னொன்றையும் பாருங்கள். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய மூன்று நாட்களிலும் அவற்றை ஒட்டியும் ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. காலாண்டு விடுமுறையும் மகாளய அமாவாசையும் சில ஆண்டுகளில் நெருங்கி வரும், கவனம். சபரிமலை சீசனில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் ராமேஸ்வரத்தில் நிறைந்திருக்கும். தைப்பூச சமயத்தில் பழனி வழியாகக் கொடைக்கானல் போகும் எண்ணமே வேண்டாம்.

ரயில் டிக்கெட்: திரும்புவதை முதலில் எடுங்கள்

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. காலை 8 மணிக்குத் தயாராக உட்காருங்கள். போகும் டிக்கெட் கிடைக்காவிட்டால் பஸ்ஸில் மதுரைக்கோ வத்தலகுண்டுக்கோ போய்விடலாம். ராமேஸ்வரத்திலிருந்து குழந்தைகளோடு இரவு முழுவதும் பஸ்ஸில் சென்னை வருவது சிரமம். அதனால் திரும்பும் டிக்கெட் உறுதியாகும் தேதியை வைத்து மற்றதை அமைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்குப் பாண்டியன் விரைவு ரயில் வசதி. கொடை ரோடு என்று சொல்லும் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் நிற்கும். விடியும் முன்பே வந்துவிடும், ஓரிரு நிமிடம்தான் நிற்கும். அலாரம் வைத்துக்கொண்டு, திண்டுக்கல் வந்ததும் எல்லோரையும் எழுப்பி, பெட்டிகளை வாசல் பக்கம் கொண்டுவந்துவிடுங்கள். திரும்புவதற்கு ராமேஸ்வரம் – சென்னை விரைவு ரயில்கள் உண்டு. அவற்றில் ஒன்றை இன்றைக்கும் போட் மெயில் என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பலில் இலங்கையின் தலைமன்னார், பிறகு மீண்டும் ரயில் என்று கொழும்பு வரை போய்க்கொண்டிருந்த பாதை அது. சில ரயில்கள் புறப்படும் நிலையம் எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே மாறுவதுண்டு. டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இ-பாஸும் பிளாஸ்டிக்கும்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் போக இ-பாஸ் வேண்டும். தமிழக அரசின் இ-பாஸ் இணையதளத்தில் வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குகிறீர்கள் என்ற விவரங்களைக் கொடுத்தால் கிடைத்துவிடும். கட்டணம் இல்லை. 2025 கோடை சீசனில் வாகன எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்று நீதிமன்றம் வரையறுத்தது. ஆகவே மே மாதத்தில் கிளம்புபவர்கள் அறை உறுதியான அன்றைக்கே பாஸையும் எடுத்துவிடுவது நல்லது. அரசு பஸ்ஸில் போனால் பாஸ் தேவையில்லை. வாடகைக் கார் என்றால் பாஸ் யார் எடுப்பது என்று ஓட்டுநரிடம் முன்பே பேசி, அதன் நகலைக் கைப்பேசியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் குளிர்பான பாட்டில்களுக்கும் கொடைக்கானலில் தடை உண்டு. வீட்டிலிருந்து ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் கொண்டுவாருங்கள். ரயிலில் வாங்கிய பாட்டிலை நிலையத்திலேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம். இந்தத் தடையைத் தொந்தரவாக நினைக்க வேண்டாம். சோலைக்காடுகளின் ஓரத்தில் காட்டு மாடுகள் பிளாஸ்டிக் பையை மெல்வதைப் பார்த்தால் ஏன் இந்தக் கெடுபிடி என்று புரிந்துவிடும்.

மலையேறும் காலை

கொடை ரோட்டிலிருந்து கொடைக்கானல் சுமார் 80 கிலோமீட்டர். காரில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். மூன்று பேருக்கு மேல் இருந்தால் முன்கூட்டியே பேசிவைத்த காரே நல்லது. பஸ் என்றால் முதலில் வத்தலகுண்டு போய், அங்கே கொடைக்கானல் பஸ் பிடிக்க வேண்டும்.

வத்தலகுண்டில் நிறுத்தி முகம் கழுவி, டீ குடியுங்கள். வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்கள் வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது, பொங்கலும் வடையுமாக வயிறு முட்டவும் ஏறக் கூடாது. இரண்டு இட்லி போதும். மருத்துவர் சொன்ன மாத்திரை இருந்தால் வளைவுகள் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு போட்டுக்கொள்ளுங்கள். காட்ரோடு தாண்டியதும் மலைப்பாதை தொடங்கிவிடும். முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்தில் தெரியும் சாலையைப் பார்த்துக்கொண்டு வருவது உதவும். கைப்பேசியைக் குனிந்து பார்ப்பதுதான் தலைசுற்றலுக்கு முதல் காரணம். ஓட்டுநரை அவசரப்படுத்த வேண்டாம். சொந்தக் காரில் வருபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும், இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும்.

டம் டம் பாறையில் கட்டாயம் நிறுத்துங்கள். எதிரே பள்ளத்தாக்கின் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு இறங்குவது தெரியும். அது தலையாறு அருவி. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். உயரம் சுமார் 975 அடி. இங்கிருந்து பார்ப்பதுதான் அதன் முழு அழகு. ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால் வரும் வெள்ளி அருவி சாலையை ஒட்டியே விழும். அங்கே குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டம் வேண்டாம்.

காலை ஒன்பது பத்து மணிக்குள் ஊர் வந்துவிடுவீர்கள். பல விடுதிகளில் அறை நண்பகலுக்குத்தான் கிடைக்கும். பதிவு செய்யும்போதே காலையில் அறை தருவார்களா, கூடுதலாக எவ்வளவு என்று கேட்டு வையுங்கள். வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வரும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. உரிமம் இல்லாத தங்கும் வீடுகள் மலிவாகத் தெரியும். அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் நடுவில் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், அதனால் வேண்டாம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு கொடைக்கானலிலும் இருக்கிறது, ராமேஸ்வரத்திலும் இருக்கிறது.

கொடைக்கானலில் இரண்டு நாள்

முதல் நாள் ஏரி மட்டும். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கியது இது. நட்சத்திர வடிவில் கைகால் நீட்டிக் கிடக்கும். சுற்றிவரும் சாலை சுமார் 5 கிலோமீட்டர். படகு, குதிரை, வாடகை சைக்கிள் எல்லாம் உண்டு. என் பரிந்துரை நடை. மாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் இருட்டும் முன் ஒரு சுற்று முடியும். ஏறிய களைப்பு அந்த நடையிலேயே போய்விடும். பிரையண்ட் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது.

இரண்டாம் நாள் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். இங்கே காலைதான் தெளிவான நேரம். வெயில் ஏற ஏறச் சமவெளியின் சூடான காற்று மலைச்சரிவில் மேலேறி மஞ்சாகிவிடும். பதினொரு மணிக்குப் பிறகு கோக்கர்ஸ் வாக் போனால் வெள்ளைத் திரைதான் தெரியும். 1872இல் கோக்கர் என்பவர் அமைத்த ஒரு கிலோமீட்டர் நடைபாதை அது. திறந்ததும் போய்விடுங்கள், கீழே சமவெளி ஊர்கள் வரை தெரியும்.

அதன் பிறகு இரண்டு பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதலாவது எல்லோரும் போவது: மோயர் பாயிண்ட், பைன் மரக்காடு, குணா குகை, தூண் பாறை. எல்லாம் ஒரே சாலையில் அடுத்தடுத்து வரும். சுமார் 400 அடி உயரத்துக்கு நிற்கும் தூண் பாறைகளைக் காலை ஒன்பதரைக்குள் பார்த்துவிட வேண்டும். அதனால் கடைசியில் இருக்கும் இடம் என்று நினைக்காமல் முதலில் அங்கே போய்விட்டு, மற்றவற்றைத் திரும்பும்போது பாருங்கள். பைன் காட்டுக்கு மஞ்சு வந்தால் இன்னும் அழகுதான்.

இரண்டாவது பூம்பாறை, மன்னவனூர் பக்கம். எனக்கு மனசுக்கு நெருக்கமானது இதுதான். படிக்கட்டு வயல்களுக்கு நடுவே ஓட்டு வீடுகளோடு இருக்கும் பூம்பாறையைச் சாலையின் வளைவிலிருந்து பார்க்கும்போது எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். குழந்தை வேலப்பர் கோயில் இந்த ஊரில் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் பகுதி இது. சமவெளிப் பூண்டை விடக் காரமும் மணமும் அதிகம், வாங்கினால் இங்கே வாங்குங்கள். இன்னும் தள்ளி மன்னவனூரில் புல்வெளி, ஏரி, மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை. ஏரியில் பரிசல் சவாரி உண்டு. ஒரே நாளில் இரண்டு பாதைகளையும் முடிக்க ஓட்டுநர் ஒப்புக்கொள்வார், நீங்கள் ஒப்புக்கொள்ளாதீர்கள். பேரிஜம் ஏரிக்கு வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும், வண்டிகளுக்கும் வரம்பு உண்டு. இரண்டு நாள் திட்டத்தில் அதைச் சேர்க்கத் தேவையில்லை.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம். மதுரையை விடப் பன்னிரண்டு, பதிமூன்று டிகிரி குளிராக இருக்கும். மே மாதத்திலும் மாலைக்கு ஸ்வெட்டர் வேண்டும், குழந்தைகளுக்குக் காது மூடும் குல்லா வேண்டும். இருட்டிய பிறகு ஊருக்குள்ளேயே காட்டு மாடுகள் நடமாடும். சாதுவாக நிற்பதுபோல் இருக்கும், பக்கத்தில் போய்ப் படம் எடுக்க வேண்டாம். ஒதுங்கி நின்று, அது போன பிறகு போங்கள்.

வாங்குவதற்கு மலைப்பூண்டு, பட்டர் ஃப்ரூட், பேஷன் ஃப்ரூட், இறங்கும் வழியில் மலை வாழைப்பழம். சீசன் பொருத்து பிளம்ஸும் பேரிக்காயும் கிடைக்கும். சாலையோரத்தில் தைலம் என்று விற்பது எல்லாம் சுத்தமானது என்று நம்ப வேண்டாம்.

நடுவில் மதுரை ஏன்

மலையிலிருந்து நேரே ராமேஸ்வரம் போகலாமே என்று கேட்பார்கள். மதுரைக்கு மூன்றரை, நான்கு மணி நேரம், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு இன்னொரு நான்கு மணி நேரம். நாள் முழுக்க வண்டியிலேயே போகும், பாம்பனை இருட்டில் தாண்டுவீர்கள். அதற்குப் பதில் காலை உணவு முடித்து நிதானமாக இறங்கி, மதியம் மதுரையில் ஓய்வெடுங்கள். குளிரிலிருந்து வெயிலுக்கு மாற உடம்புக்கும் ஒரு மாலை வேண்டும். மலையை முதலில் வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். உப்புத் தண்ணீரில் ஆடி, வெயிலில் வெந்த குழந்தையைக் குளிருக்குக் கூட்டிப்போனால் சளி நிச்சயம்.

மீனாட்சி அம்மன் கோயில் மதியம் நடை சாத்தி மாலை நான்கு மணி வாக்கில் திறக்கும். ஐந்து மணிக்குப் போனால் தரையின் சூடு தணிந்திருக்கும். கைப்பேசிக்கு உள்ளே அனுமதி இல்லை, அறையிலேயே வைத்துவிட்டுப் போவது எளிது. அப்புறம் ஒரு ஜிகர்தண்டா, சூடான இட்லி, தூக்கம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுங்கள், மறுநாள் காலை உதவும்.

பாம்பனைத் தாண்டுவது

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு பஸ் அடிக்கடி இருக்கிறது. இருந்தாலும் காலைப் பாசஞ்சர் ரயிலில் போங்கள். முன்பதிவு இல்லாத பெட்டிகள். அரை மணி நேரம் முன்பே போய் ஜன்னல் ஓரம் பிடித்துவிட வேண்டும். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று வறண்ட நிலம் போய்க்கொண்டே இருக்கும். மண்டபம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனது. அதன் அருகே 2.08 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே உயரும், இந்தியாவில் கடல்மேல் இப்படி அமைந்த முதல் ரயில் பாலம் இது. பாலத்தில் ரயில் மெதுவாகப் போகும்போது யாரையும் வாசல் படியில் நிற்க விடாதீர்கள். காற்று பலமாக அடிக்கும்.

ராமேஸ்வரத்தில் அறை, கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கட்டும். ஈரத் துணியோடு நடந்து வர வேண்டியிருக்கும். பல விடுதிகளில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீர்த்தம் வெள்ளி காலை, தனுஷ்கோடி சனி காலை

வியாழன் மாலை பிரகாரத்தைச் சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1,212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிரகாரத்தில் கூட்டமில்லாத நேரத்தில் நடப்பது தனி அனுபவம்.

தீர்த்தமாடுவதை வெள்ளிக்கிழமை விடியற்காலை வையுங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் துணி காய ஒரு முழு நாள் கிடைக்கும். முறை இதுதான்: முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முங்கி எழ வேண்டும், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், பிறகு உடை மாற்றிக்கொண்டு தரிசனம். ஈரத்தோடு சன்னதிக்குள் விட மாட்டார்கள். ஜீன்ஸ் வேண்டாம், சீக்கிரம் காயும் பருத்தியோ வேட்டியோ சுடிதாரோ போதும். மாற்று உடையைத் தண்ணீர் புகாத பையில் ஒருவர் வைத்துக்கொண்டு தனியே இருக்கட்டும். தரை முழுக்க ஈரம், வழுக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கையைப் பிடித்து மெதுவாகக் கூட்டிப்போங்கள். கிணற்றுத் தண்ணீர் தலையில் விழும்போது குழந்தைகள் முதலில் பயப்படுவார்கள், நாலாவது கிணற்றில் இன்னொரு வாளி கேட்பார்கள். ஸ்படிக லிங்க தரிசனம் வேண்டும் என்றால் அதிகாலை ஐந்து மணிக்கு முன்பே வரிசையில் நிற்க வேண்டும். அதையும் தீர்த்தத்தையும் ஒரே காலையில் சேர்க்க நினைப்பவர்கள் ஸ்படிக தரிசனத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

மதியம் தூங்கி எழுந்து, பேய்க்கரும்பில் இருக்கும் அப்துல் கலாம் நினைவிடத்துக்குப் போகலாம். குழந்தைகள் கடலில் ஆட வேண்டும் என்றால் பாலம் தாண்டி உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை. சவுக்குத் தோப்பு, ஆழமில்லாத தண்ணீர், பெரிய அலை கிடையாது. தனுஷ்கோடியில் ஆட விடவே கூடாது.

ஏன் என்றால், தனுஷ்கோடியில் சாலைக்கு ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. உள்ளூர் மீனவர்கள் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று குளம்போல் கிடக்கும்போது மற்றது கொந்தளிக்கும். பருவக்காற்று மாறினால் இரண்டும் குணம் மாற்றிக்கொள்ளும். இரண்டும் சேரும் அரிச்சல்முனையில் நீரோட்டம் இழுத்துவிடும், குளிக்கத் தடை இருக்கிறது. கால் நனைப்பதும் கரையோரத்தில் மட்டும்.

சனிக்கிழமை சூரிய உதயத்துக்கு முன் கிளம்புங்கள். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இருபது கிலோமீட்டருக்குள்தான். 2017இல் சாலை திறக்கும் முன் மணலில் வேனில்தான் போக முடியும். மாலையில் போனால் போலீசார் சீக்கிரமே வண்டிகளைத் தடுத்துவிடுவார்கள், இருட்டும் முன் எல்லோரும் வெளியேற வேண்டும். விடியற்காலையில் அந்த அவசரம் இல்லை. முனையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் இந்த ஊரை அழித்தது, பயணிகளோடு ஒரு ரயிலையே கடல் கொண்டுபோனது. குழந்தைகளுக்கு இதைச் சொல்லுங்கள். இடிபாடுகள் மேல் ஏறிப் படம் எடுக்க விடாதீர்கள், பலர் உயிர்விட்ட இடம் அது. நிழல் கிடையாது, குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும், குப்பையைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

குடிசைக் கடைகளில் மீன் பொரித்துத் தருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன்தான் வரும், குறைவாகவும் விலை கூடுதலாகவும் இருக்கும். கடையில் என்ன மீன், இன்று பிடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். சங்கு, சிப்பி மாலைகள் வாங்கலாம். பவளப்பாறைத் துண்டை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அதை வாங்குவதும் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம்.

பத்து மணிக்குள் அறைக்கு வந்து குளித்து, மணலை உதறி, பெட்டி கட்டிவிடுங்கள். மாலை ரயில் வரை அறை வேண்டும் என்றால் அரை நாள் வாடகை பேசலாம், ரயில் நிலைய ஓய்வறையையும் கேட்டுப் பார்க்கலாம். இரவுச் சாப்பாட்டை ஊரிலேயே பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள். கருவாடு வாங்கினால் இரண்டு உறை போட்டுக் கட்டி இருக்கைக்கு அடியில் வையுங்கள். கீழ்ப்படுக்கையைப் பெரியவர்களுக்கு விட்டுக்கொடுத்தாலும், பாம்பன் தாண்டும்வரை எல்லோரும் ஜன்னல் பக்கமே இருங்கள். மாலையில் சீக்கிரம் கிளம்பும் ரயில் என்றால், சீக்கிரம் இருட்டும் மாதங்களைத் தவிர மற்ற நாட்களில் பாலத்தைக் கடக்கும்போது வெளிச்சம் இருக்கும்.